மூன்று பாடங்களில் விளக்கு

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளை

அன்புள்ள கட்டெறும்பின் அம்மாவுக்கு,

இங்கே நானும் அவளும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை விவரமாக எழுது. போனில் நீ சொல்லும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பதை நான் நம்புவதில்லை. அதில் வரும் அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறுதோறும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாம் பேசும்போது அவள் போனுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். வாயிலிருந்து வார்த்தை வர நேரமாகுமே ஒழிய, காது பாம்புச் செவி. அவளைப் பற்றி அவள் முன்னால் பேசாதீங்க, அவ ஒண்ணும் மேசை நாற்காலி இல்ல என்று அந்த ஊர் வேலைக்கு விமானம் ஏறும் அன்றுகூட நீ சொல்லிவிட்டுப் போனாய். அதனால்தான் அச்சகத்தில் உட்கார்ந்து, சோற்று டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். தவிர, பேச்சில் நான் உளறுவேன். எழுத்து என்றால் அடித்துத் திருத்தலாம். இருபது வருஷமாகப் புரூப் பார்த்தே வயிறு வளர்க்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்?

முதலில் நல்ல செய்தி. பள்ளியில் புதுத் தலைமையாசிரியை வந்திருக்கிறார். நீ போன வருஷக் கடைசியில் கூட்டத்தில் மல்லுக்கட்டி எல்லாம் பேசி முடித்தாயே, அந்தப் பழைய அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரிடம் நான் ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எட்டாம் மாதத்தில் பிறந்தவள், கையிலும் காலிலும் விறைப்பு உண்டு, வாக்கர் பிடித்து நடப்பாள், பேச்சு மெதுவாக வரும், எழுத்து அதைவிட மெதுவாக வரும், புத்தியில் யாருக்கும் சளைத்தவள் இல்லை, கோபம் வந்தால் கிள்ளுவாள், அதனால் வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர் என்பதுவரை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் எனக்கு டீ கிடைத்தது இதுதான் முதல் தடவை.

பிறகு ஐந்தாம் வகுப்புக்கான ஒப்புதல் படிவம் என்று ஒன்றை அலுவலக எழுத்தர் நீட்டினார். போன வருஷம் பேசினதத்தான் சார் டைப் பண்ணியிருக்கோம், படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க என்றார். அந்தக் கூட்டத்துக்கு நான் வரவில்லையே, டைரி வேலை நெருக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தேன். நடுப்பக்கத்தில் ஒரு வரி: 'மாணவிக்குக் கணக்கு, அறிவியல், சமூகம் ஆகிய மூன்று பாடங்களில் விளக்கு அளிக்கப்படும்.'

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விளக்கு நீங்க குடுத்துடுவீங்க, எண்ணெய் யார் ஊத்தறது சார் என்று எழுத்தரிடம் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பெரிய ளவை அடித்துச் சின்ன லவைப் போட்டு, ஓரத்தில் குறியிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன். 'மூன்று பாடங்களில் விலக்கு அளிக்கப்படும்.' இப்போதுதான் தமிழாயிற்று என்று சொல்லிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் கும்பிடு போடாத குறை.

பேனாவைப் பிடிக்கவே படாதபாடு படுகிற பிள்ளைக்கு மூன்று பாடச் சுமை குறைகிறது என்றால் சும்மாவா? இந்தச் சலுகையை நீ எப்படித்தான் அவர்களிடம் பேசி வாங்கினாயோ! வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்.

இப்போது அந்த மூன்று பாட வேளைகளிலும் அவளைக் கீழ்த்தளத்தில் 'அமைதி அறை' என்ற இடத்தில் உட்கார வைக்கிறார்கள். ஏறி இறங்கச் சிரமம் என்று, இரண்டு வாரமாக முழு நாளும் அங்கேதான். மாடிப்படி ஏறுகிற வேலை இல்லாததால் சாயங்காலம் களைப்பே இல்லை. அழுகை இல்லை, அடம் இல்லை. நேற்று ஒரு மீனுக்கு வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தாள். மீனுக்கு ஏழு வண்ணம்.

ஒன்றுதான் பிடிபடவில்லை. பை பஞ்சு போல லேசாக இருக்கிறது. நோட்டைப் புரட்டினால் கடைசியாக எழுதிய பக்கத்தில் போன மாதத் தேதி இருக்கிறது. சுமை குறைந்தால் பையும் குறையும்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். வேறு ஒன்றுமில்லை. போர்வையை மடித்துப் போட்டுக்கொண்டு தூங்கு, அங்கே குளிர் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் உளறுவாயன்

---

வியாழக்கிழமை

அன்புள்ள உனக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதம் உன் கைக்கு வந்திருக்காது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது தபாலுக்கு. அதற்குள் இங்கே தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ஒரு காரியம் நடந்திருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

போன வாரம் அச்சகத்துக்கு ஒரு சிறு புத்தகம் வந்தது. இருபத்து நாலு பக்கம். உடல் குறைபாடு, கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும் கையேடு. என் மேசைக்குத்தான் புரூப் வந்தது. நான் எப்படிப் படிப்பேன் என்று உனக்குத் தெரியும். எழுத்தைத்தான் படிப்பேன், பொருளைப் படிக்க மாட்டேன். பொருளுக்குள் போய்விட்டால் பிழை கண்ணில் படாது. அப்படியே பத்துப் பக்கம் ஓடிவிட்டது. பதினோராம் பக்கத்தில் இந்த வரி:

'பாட விலக்கு என்பது பல நேரங்களில் உதவியைப் போலத் தெரியும். அந்தப் பாட வேளையில் உங்கள் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள்.'

பிழை இருக்குமோ என்று மூன்று தடவை பார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. அதன்பிறகு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் திருத்திய பக்கங்களை வாங்க அதை எழுதிய அம்மாவே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கையில் எப்போதும் ஒரு தடித்த கோப்பு இருக்கும். நான் மனதுக்குள் கோப்பு அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன், இப்போது வாய்விட்டே அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் மகனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அந்தப் பிள்ளையைப் படிக்க வைக்கப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியதில் கற்றுக்கொண்டதை இப்போது மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார். மகன் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாராம். பதினோராம் பக்கத்தைக் காட்டி, இதில் எனக்கு ஒரு சந்தேகம் என்றேன். எழுத்திலா, வீட்டிலா என்று கேட்டார். வீட்டில் என்றேன். சனிக்கிழமை வாங்க என்று முகவரி எழுதிக் கொடுத்தார்.

தையல்கடை மாடியில் ஒரே அறை. கீழே மிஷின் ஓடும்போது மேசை அதிர்கிறது. எனக்கு முன்னால் மூன்று குடும்பம் காத்திருந்தது. ஒரு அம்மா, காதில் கருவி மாட்டிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய மனுவை நாலாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தார். கோப்பு அக்கா யாரையும் தடவிக் கொடுக்கிற ஆள் இல்லை. நான் நம் கதையை ஆரம்பித்ததும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று கேள்வி. இத யார் சொன்னாங்க? என்னைக்குச் சொன்னாங்க? பேப்பர் எங்க? இருபது வருஷமாக நான் அடுத்தவன் எழுத்தைக் கேள்வி கேட்டிருக்கிறேன். என்னை இப்படி வரிவரியாக யாரும் புரூப் பார்த்ததில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவு எழுதுகிறேன். மூன்று பாடத்தில் விலக்கு என்றால் அந்த மூன்றிலும் பாடமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. அடுத்த மாதக் கடைசியில் பட்டியலைப் பள்ளி மேலிடத்துக்கு அனுப்பும். அனுப்பிவிட்டால் இந்த வருஷம் மாற்ற முடியாது. வருஷ முடிவில் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஆறாவதுக்குப் போவார்கள். இவள் அந்தக் கீழ் அறையிலேயே இருப்பாள். ஒரு வருஷம் விலகின பிள்ளையை மறுபடி உள்ள சேர்க்கறது குதிரைக்கொம்பு சார் என்றார்.

அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டேன். ஆனால் குழப்பமும் தீரவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அங்கிருந்து வந்ததும் நம்மவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கீழ ரூம் பிடிச்சிருக்கா என்று கேட்டேன். வழக்கமாக ஒரு பதிலுக்கு நான் நகம் வெட்டி முடிக்கிற நேரம் ஆகும். இதற்கு உடனே பிடிச்சிருக்கு என்றாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விசாரித்தேன். தங்கமான பொண்ணு சார், சொன்ன இடத்துல உக்காருது, ஒரு தொந்தரவு கிடையாது என்றார். நம் பெண்ணா? ஒரு தொந்தரவும் கிடையாதா? வேறு யாரையோ சொல்கிறாரோ என்று பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். யோசித்துப் பார்த்தால் வீட்டிலும் அவள் என்னைக் கிள்ளி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அப்படியானால் நான் எதற்காகச் சண்டை போட வேண்டும்? அவள் சிரித்துக்கொண்டு இருக்கிற இடத்திலிருந்து பிடுங்கி, படியேறி, மூச்சு வாங்கி, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் கடைசியாக எழுதி முடிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டுமா? அது அவளுக்காகவா, ஊர் மெச்சவா? ஒரு நாள் இது சரி என்று தோன்றுகிறது, மறுநாள் அது சரி என்று தோன்றுகிறது. கோப்பு அக்காவிடமே கேட்டேன். நீங்க என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்காகப் பேசவும் மாட்டேன், கூட்டம் போட்டா உங்க பக்கத்துல உக்காருவேன் என்றார். இது என்ன உதவி என்று அப்போது கோபம் வந்தது.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். விலக்கு வேணும்னு யார் கேட்டது? என் மனைவி என்றேன். கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, உங்க மனைவியா என்று திரும்பக் கேட்டார். அந்தப் பார்வை எனக்கு என்னவோ போல இருந்தது.

ஆகவே கோபப்படாமல் எழுது. நீ கேட்டாயா? கேட்டிருந்தால் ஏன் கேட்டாய் என்று எனக்குப் புரிய வை, நான் அப்படியே விட்டுவிடுகிறேன். கேட்கவில்லை என்றால் அந்தக் கூட்டத்தில் எழுதிய காகிதம் எங்கே இருக்கிறது என்று சொல். அலமாரி, டிரங்குப் பெட்டி, உன் பழைய கைப்பை எல்லாம் தேடிவிட்டேன். கல்யாணமான புதிதில் நான் எழுதிய கடிதங்கள்தான் கிடைத்தன. அப்போதும் நான் ஒற்றுப்பிழை விடவில்லை என்பதைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

குழம்பிப் போயிருக்கும்,
உன்னுடையவன்

---

புதன்கிழமை

அன்புள்ள உனக்கு,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் நீ யார் நலத்தையும் விசாரிக்கவில்லை. உங்க முதல் லெட்டர் வந்துச்சு, 'விளக்கு'ன்னு இருந்தத என்னவாத் திருத்தினீங்க என்று மட்டும் கேட்டாய். பக்கத்தில் அவள் இருந்ததால் நான் மெதுவாகச் சொன்னேன். கூட்டத்துல எழுதின பேப்பர் வீட்லதான் இருக்கு, நீல ஃபைல், தடுப்பூசி அட்டைக்குப் பின்னால என்றாய். வைக்கும்போது, விடுங்க, யாரா இருந்தாலும் அப்படித்தான் திருத்தியிருப்பாங்க என்றாய்.

காகிதம் அங்கேயே இருந்தது. உன் கையெழுத்து, கீழே பழைய தலைமையாசிரியையின் கையெழுத்தும் முத்திரையும். 'மூன்று பாடங்களில் தனி விளக்கம் அளிக்கப்படும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை பத்து நிமிடம் மீண்டும் சொல்லித்தருவார். விடைகளை எழுதாமல் வாயால் சொன்னால் போதும்.' விளக்கம். எழுத்தர் முதல் வரியை மட்டும் சுருக்கி டைப் செய்யும்போது 'கம்' என்பதற்குப் பதிலாகக் 'கு' என்று அடித்துவிட்டார். அவர் விட்டது ஒரு கைப்பிழை. பிழை எங்கே என்று தெரியாமல் சரியாக இருந்த எழுத்தைப் பிடித்துத் திருத்தியவன் நான்.

யாராக இருந்தாலும் அப்படித் திருத்தியிருக்க மாட்டார்கள். வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் விளக்கு என்று இருந்தால் விளக்கு என்றே கையெழுத்துப் போட்டிருப்பான். இல்லாவிட்டால் இது என்ன சார் என்று கேட்டிருப்பான். நான் ஒருவன்தான் கேட்காமல் பேனாவை எடுத்தேன். மற்றவர்களின் புத்தகத்தில் ஐயம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவேன். நீ ஒரு போன் தூரத்தில் இருந்தாய். உனக்கு நான் கேள்விக்குறி போடவில்லை. உன்னைப் பாராட்டி வேறு எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கோப்பு அக்கா அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் முதல் தடவையாகச் சிரித்தார். உங்க வீட்டம்மா என்ன வேலை என்று கேட்டார். மருத்துவமனை ஆய்வகத்தில் என்றேன். அதான் லேபிள் ஒட்டி வெச்சிருக்காங்க என்றார். பிறகு என்னையே மனு எழுதச் சொன்னார். ஆறு தடவை எழுதினேன். யார்மேலும் பழி போடாதீங்க, என்ன பேசினோம், என்ன நடந்துச்சு, என்ன வேணும், அவ்வளவுதான் என்று ஐந்தையும் திருப்பிக் கொடுத்தார். கூட்டத்துக்கு அவளையும் அழைத்து வரச் சொன்னார். சின்னப் பிள்ளை எதற்கு என்றேன். யாரப் பத்திங்க கூட்டம் என்றார். உன் குரல் மாதிரியே இருந்தது.

போன வெள்ளிக்கிழமை கூட்டம். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, எழுத்தர் ஒரு பக்கம். நான், கோப்பு அக்கா, நடுவில் நம்மவள் ஒரு பக்கம். உன் காகிதத்தையும் என் சிவப்பு மசி போட்ட படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தலைமையாசிரியை இரண்டையும் படித்துவிட்டு, நீங்களே திருத்திக் கையெழுத்துப் போட்டதால நீங்க கேக்கறதாத்தான் சார் நாங்க நெனச்சோம், பாவம் பெத்தவங்க முடியாமக் கேக்கறாங்கன்னு நெனச்சேன் என்றார். நீங்க குடுத்த சலுகைன்னு நான் நெனச்சேன் மேடம் என்றேன். அன்றைக்குக் கிளம்பும்போது நான் சொன்ன நன்றியும் அவர் காட்டிய இரக்கமும் இதற்காகத்தான் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. வகுப்பாசிரியை, தினமும் பத்து நிமிஷம் ஒதுக்கத்தான் வெச்சிருந்தேன், லிஸ்ட்ல விலக்குன்னு வந்துச்சு, வேண்டாம்னு சொல்லிட்டாங்க போலன்னு இருந்துட்டேன் என்று குரல் இறங்கிச் சொன்னார். திட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டு போனவன் நான். அந்த மேசையில் ஒரு கெட்டவரும் இல்லை. சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது, எடுத்து உள்ளே மறைத்துக்கொண்டேன்.

அப்போது கோப்பு அக்கா, அவங்ககிட்டயும் கேக்கலாமா என்றார். தலைமையாசிரியை நம்மவள் பக்கம் திரும்பி, உனக்கு எங்க இருக்கணும் கண்ணு, மேலயா கீழயா என்று கேட்டார். எல்லோரும் காத்திருந்தோம். எழுத்தருக்குப் பொறுக்கவில்லை, கீழ ரூமே சௌகரியம்னு சொல்லுதோ என்னவோ என்று ஆரம்பித்தார். கோப்பு அக்கா ஒரு விரலைத் தூக்கினார், அவர் நிறுத்திக்கொண்டார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, துண்டு துண்டாக அவள் சொன்னதை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன். நான் இப்ப கிள்ளவே இல்ல மிஸ், சொன்ன இடத்துல உக்காந்துக்கறேன், எப்ப என்ன மேல விடுவீங்க என்றாள்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. வகுப்பாசிரியைதான் வாயைப் பொத்திக்கொண்டார். பள்ளி திறந்த முதல் வாரத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பெண் இவள் நோட்டை இழுத்திருக்கிறாள், இவள் கிள்ளியிருக்கிறாள். மறுநாள்தான் பட்டியல் வந்து இவளைக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். கிள்ளியதற்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். இரண்டு மாதம். அந்த மீனும், அழாமல் வந்ததும், பிடிச்சிருக்கு என்று உடனே சொன்னதும் எல்லாம் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி மேலே போவதற்காக. நான் அதைச் சந்தோஷம் என்று நினைத்து உனக்குக் கடிதம் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. விலக்கை ரத்து செய்து, விளக்கம் என்று புதுப் படிவம் டைப் செய்தார்கள். வரிவரியாக வாய்விட்டுப் படித்தோம். திங்கட்கிழமை முதல் மாடியில் அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். போன இரண்டு மாதப் பாடத்தையும் வகுப்பாசிரியை சொல்லித்தருகிறார். உன் கையெழுத்துக்காகப் படிவத்தின் ஒரு படி இத்துடன் வைத்திருக்கிறேன். மேலிடத்துக்கு என் கையெழுத்தோடு போய்விடும், இது பள்ளிக் கோப்பில் வைக்க; கிடைத்த அன்றே அனுப்பு.

இதோடு கடிதத்தை முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நேற்று வகுப்பாசிரியை என்னை வாசலில் நிறுத்தினார். அவள் வகுப்பில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்காருகிறாளாம். பக்கத்துப் பெண் பேச வந்தால்கூடக் கையை எடுப்பதில்லையாம். எதற்கு என்று கேட்டதற்கு, மறுபடி கீழ அனுப்பிடுவாங்க என்றாளாம்.

வீட்டுக்கு வந்து அவளை எதிரில் உட்கார வைத்துச் சொன்னேன். உன்னக் கீழ அனுப்பினது நீ கிள்ளினதால இல்லம்மா, அப்பா ஒரு எழுத்தத் தப்பாத் திருத்திட்டேன், தப்பு என்னோடது என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சும்மா சொல்ற என்றாள். இதற்கும் நான்தான் காரணம். அவள் கை பட்டுக் கண்ணாடி டம்ளர் உடைந்தால் நான் உடைத்தேன் என்பேன், அவள் பாலைக் கொட்டினால் நான் கொட்டினேன் என்பேன். பத்து வருஷமாக அவள் பழியையெல்லாம் என் தலையில் போட்டுக்கொண்டு வந்ததில், உண்மையாகவே என் பழி என்று வரும்போது நம்ப ஆள் இல்லை. படிவத்தை எடுத்து அந்த இடத்தைக் காட்டினேன். அடித்த எழுத்தையும் மேலே போட்ட எழுத்தையும் விரல் வைத்துப் பார்த்தாள். நீ திருத்தினா சரியாத்தான் இருக்கும்ப்பா என்றாள்.

இனி என்ன செய்வது என்று கோப்பு அக்காவிடம் போய்க் கேட்டேன். இதுக்கு என்கிட்ட படிவம் இல்லையே சார் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவர் கண் கலங்கியிருந்தது.

உன்னால்தான் முடியும். அவள் பெயர் போட்டு, அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. நீ கிள்ளியதற்காக உன்னை யாரும் கீழே அனுப்பவில்லை, அப்பா உன்னைப் பற்றி யாரையும் கேட்காமல் ஒரு எழுத்தை மாற்றினார், அதனால் இரண்டு மாதம் நீ வெளியே இருந்தாய், தப்பு முழுக்க அவருடையது என்று எழுது. யாரா இருந்தாலும் என்று ஆரம்பிக்காதே. தெரியாமல் செய்துவிட்டார், பாவம் என்று முடிக்காதே. நீ இளகிய மனசுக்காரி, எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை எப்படியாவது உள்ளே வந்துவிடும். உனக்குக் கோடி புண்ணியம், இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்றாதே. வந்ததும் நானே அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஒரு எழுத்தும் திருத்த மாட்டேன்.

உன் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,
அவள் அப்பா